நாலு மாத நெல்லும் நாலு மாத இரத்தமும்

அந்தக் குப்பி ஆய்வுகூடத்துக்கு வந்து சேர்ந்த நாளில், அதன் சிட்டையிலிருந்த கடைசி வரிதான் என்னை நெடுநேரம் நிற்க வைத்தது. உலர்பனி நிரப்பிய பெட்டிக்குள், மூன்று உறைகளுக்கு உள்ளே, என் சுண்டுவிரலில் பாதி அளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் குப்பி இருந்தது. மனித அசற்றைல்கோலினெஸ்டரேஸ், மீள்சேர்க்கை முறையில் ஆக்கப்பட்டது, 10 மைக்கிரோகிராம் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும், மனிதரில் பயன்படுத்தலாகாது என்றிருந்தது. இத்தகைய எல்லாக் குப்பிகளிலும் அந்த வரி இருக்கும். வேறு நொதியங்களின் குப்பிகளில் அதை நூறு தடவைக்கு மேல் பார்த்திருப்பேன். ஆனால் இந்த ஒரு நொதியத்தின் மேல் அதைக் கண்டபோது மனம் ஒப்பவில்லை. இதே நொதியம் இல்லாமற் போனதால்தான் என் அப்பா ஒரு நாள் முழுவதும் மூச்சுக்குப் போராடினார். அது மனிதரிடமிருந்து வந்தது, மனிதருக்கு உரியது, ஆனால் மனிதரில் பயன்படுத்தக் கூடாது என்றால் அதற்கு என்ன பொருள் என்ற கேள்வி பல மாதங்களாக என்னோடு இருந்தது. அது எவ்வாறு தீர்ந்தது, அல்லது எவ்வாறு வேறொரு கேள்வியாக மாறியது என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

குப்பியைத் திறந்ததும் முதல் வேலை அதிலுள்ளதைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து, மறைப் பாகை 80 செல்சியசில் உறைய வைப்பது. ஒரே பங்கைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் நொதியம் தன் வேலையை மறந்துவிடும். பனிக்கட்டிகளின் மேல் குழாய்களை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு திரவத்தை இட்டபோது என் கை நடுங்கியதை உடன் நின்ற தங்கை ஒருத்தி கவனித்துவிட்டாள். விலையை நினைத்துப் பயப்படுகிறேன் என்று அவள் எண்ணியிருப்பாள்.

கச்சான் காற்றில் ஒரு காலை

1998 ஆம் ஆண்டு, சிறுபோகம். எங்கள் ஊர் படுவான்கரையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, நடந்தால் முக்கால் மணித்தியாலம். வெள்ளாமையில் பூச்சி விழுந்துவிட்டதென்று அப்பா விடியற்காலையிலேயே மருந்தடிக்கப் போயிருந்தார். ஆனி மாதம் என்பதால் எட்டு மணிக்கெல்லாம் கச்சான் எழுந்துவிட்டது. அந்தக் காற்றில் எந்தப் பக்கம் திரும்பி அடித்தாலும் பாதி மருந்து அடிப்பவரின் மேல்தான் வந்து படியும். அதோடு முதுகில் சுமந்திருந்த தாங்கியின் மூடி சற்றே கசிந்திருக்கிறது. சேட்டின் பின்பக்கம் நனைந்ததை வியர்வை என்று நினைத்ததாக அப்பா பிறகு சொன்னார்.

ஒன்பது மணி கழிந்தபின் வாடியடியில் அவரைக் கண்டவர்கள், வரம்பில் குந்தியிருந்து வாயால் நீர் வடிய வடியத் துப்பிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். உழவு மெசினின் பெட்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவின் கண்மணிகள் குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கிக் கிடந்ததை நான் பார்த்தேன். கை, தொடை எங்கும் தோலுக்கடியில் புழு நெளிவது போலத் தசை துடித்துக்கொண்டிருந்தது. குளிரில் நடுங்குகிறார் என்று எண்ணிய அம்மா, நனைந்த சேட்டோடேயே ஒரு போர்வையை எடுத்து அவரை இறுகச் சுற்றினார். அந்தக் கணத்தில் அங்கே இருந்த ஒருவருக்கும் சேட்டைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும் என்பது தெரியாது. இதை நான் எழுதுவது அம்மாவைக் குறை சொல்வதற்காக இல்லை. அது யாராலும் எங்களுக்குச் சொல்லித் தரப்படாதிருந்தது என்பதற்காகவே எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் மண்முனைத் துறைக்குப் பாலம் இல்லை. 2014 இல்தான் வந்தது. வாவியைக் கடக்க, பாதை என்று நாங்கள் அழைக்கும் மிதவைப் படகுக்குக் காத்திருக்க வேண்டும். துறையடியில் சோதனையும் இருந்தது. பாதை அக்கரையில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்ததை நாங்கள் இக்கரையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அப்பாவின் தொண்டையில் சளி குமிழியிடும் சத்தம் எனக்கு இன்றும் கேட்கும். வாவியின் கிழக்கே எழுவான்கரைக்குப் போய், வாகனம் பிடித்து, ஆஸ்பத்திரியை அடைந்தபோது பிற்பகல் ஒன்றரை மணி. மருந்து மேலிற் பட்டு ஐந்து மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது. நஞ்சை எதிர்க்கும் அற்றோபின் ஊசி போட்டார்கள், திரும்பத் திரும்பப் போட்டார்கள். அன்றிரவு அவருடைய வாய் காய்ந்து, கண்மணி விரிந்து, இல்லாத நாற்றைக் காற்றில் பிடுங்கிக்கொண்டிருந்தார். அது அற்றோபினால் வரும் மயக்கம் என்பதைப் பிற்காலத்தில் படித்துத்தான் அறிந்தேன். ஆறாம் நாள் அப்பா வீட்டுக்கு வந்தார். மருந்து என்ற ஒரே சொல்லால் எங்கள் ஊர் இரண்டையும் அழைக்கிறது, வயலுக்கு அடிப்பதையும் ஆஸ்பத்திரியில் ஏற்றுவதையும்.

ஆழத்தில் ஒரு செரின்

நரம்பு தசைக்குக் கட்டளை இடும்போது அதன் நுனியிலிருந்து அசற்றைல்கோலின் என்ற சிறு மூலக்கூறு வெளிவருகிறது. அது தசையைச் சுருங்கச் செய்கிறது. கட்டளை முடிந்தவுடன் அந்த மூலக்கூறு அகற்றப்பட வேண்டும். அகற்றாவிட்டால் தசை அடுத்த கட்டளையைக் கேட்க முடியாது. உமிழ்நீர்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி, கண்மணி, மூச்சுக்குழாய், இதயம் ஆகியவற்றிலும் இதே மொழிதான் பேசப்படுகிறது. ஒட்டோ லோவி 1921 இல் இரண்டு தவளை இதயங்களைக் கொண்டு, ஒன்றின் நரம்பைத் தூண்டி அது மூழ்கியிருந்த நீரை மற்றதன் மேல் ஊற்றியபோது, இரண்டாவது இதயமும் மெதுவானது. நரம்பு வேதிப்பொருளால் பேசுகிறது என்பது அப்படித்தான் உறுதியானது. 1936 இல் அவரும் ஹென்றி டேலும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பேச்சை முடித்துவைக்கும் வேலை அசற்றைல்கோலினெஸ்டரேசுக்கு உரியது. ஒரு நொதிய மூலக்கூறு விநாடிக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அசற்றைல்கோலின்களை இரண்டாக வெட்டிவிடும். மின்திருக்கை மீனிலிருந்து எடுத்த இந்த நொதியத்தின் வடிவத்தை 1991 இல் இஸ்ரேலில் சஸ்மன், சில்மன் ஆகியோரின் குழு வெளியிட்டபோது எல்லோருக்கும் வியப்பாக இருந்தது. இவ்வளவு வேகமான நொதியத்தின் வேலைக்களம் மேற்பரப்பில் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். அதுவோ இரண்டு நனோமீற்றர் ஆழமான, ஒடுங்கிய ஒரு கிணற்றின் அடிப்பகுதியில் இருந்தது. மனித நொதியத்தில் அந்த அடிப்பகுதியில் காத்திருக்கும் அமினோவமிலம் 203 ஆம் இடத்துச் செரின். எங்கள் வட்டைகளில் அடித்த சேதனப் பொஸ்பேற்று மருந்துகள் யாவும் இந்தச் செரினைத்தான் போய்ப் பிடிக்கின்றன. பிடித்தால் அசற்றைல்கோலினைப் போல உடனே விலகிப் போவதில்லை, ஒட்டிக்கொள்கின்றன. பூச்சியின் நொதியத்திலும் அதே கிணறு, அதன் அடியில் அதே செரின். அப்பாவையும் பூச்சியையும் பிரித்தறிய அந்த மருந்துக்கு வழியே இல்லை. 1930களில் பூச்சிகொல்லிகளைத் தேடிக்கொண்டிருந்த ஜெர்மனிய வேதியியலாளர் ஜெராட் ஸ்ராடர் அந்தத் தேடலின் நடுவிலேயே தபுன் என்ற நரம்பு நச்சைக் கண்டடைந்தார் என்பதை நினைத்தால், நாங்கள் எதை முதுகில் சுமந்து திரிந்தோம் என்பது விளங்கும்.

இந்த நொதியத்தை ஆய்வுக்காகப் பெறுவதற்கு நெடுங்காலம் மின்விலாங்கும் மின்திருக்கையுமே கதியாக இருந்தன, ஏனென்றால் அவற்றின் மின்னுறுப்புகளில் அது குவிந்து கிடக்கிறது. மனித இரத்தத்திலிருந்தும் பிரித்தெடுத்தார்கள். ஏழாம் நிறமூர்த்தத்திலுள்ள மனித மரபணுவை அடையாளம் கண்டு படியெடுத்தபின், 1990களில், மரபணுவை வேறொரு கலத்துக்குள் செலுத்தி நொதியத்தை அங்கே ஆக்கும் மீள்சேர்க்கை வழி திறந்தது. பற்றீரியாவில் செய்து பார்த்தபோது புரதம் பெரும்பாலும் மடியாமற் கட்டியாகிவிட்டது. மனித நொதியத்துக்குச் சர்க்கரைச் சங்கிலிகள் வேண்டும், கந்தகப் பிணைப்புகள் சரியான இடத்தில் அமைய வேண்டும், பற்றீரியாவுக்கு அந்தக் கைப்பழக்கம் இல்லை. ஆகவே மனிதக் கலங்களிலேயே ஆக்குகிறார்கள். எங்கள் குப்பியில் இருந்ததும் 293 என்று எண்ணிடப்பட்ட மனிதக் கலவரிசையில் ஆக்கப்பட்டதுதான். 1973 இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஒரு கருவின் சிறுநீரகத்திலிருந்து வளர்க்கப்பட்ட கலங்கள் அவை, பிராங்க் கிரேயம் செய்த 293 ஆவது பரிசோதனை என்பதால் அந்த எண். எங்கோ ஓர் உருளைக் கலனுக்குள் அந்தக் கலங்கள் இரவு பகலாக என் அப்பாவுக்கு ஒரு நாள் இல்லாமற் போன பொருளைச் செய்துகொண்டிருக்கின்றன என்ற எண்ணம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அதனால்தான் சிட்டையின் கடைசி வரி இன்னும் கூடுதலாக வலித்தது.

மஞ்சள் ஏறாத வரிசை

நொதியம் வேலை செய்கிறதா என்று பார்க்க நாங்கள் கையாளும் முறை ஜோர்ஜ் எல்மன் 1961 இல் வெளியிட்டது. அசற்றைல்கோலினுக்குப் பதிலாக அதன் கந்தகத் தம்பியான அசற்றைல்தயோகோலினைக் கொடுப்போம். நொதியம் அதை வெட்டும்போது வெளிவரும் கந்தகம் இன்னொரு சேர்வையோடு தாக்கமுற்று மஞ்சளாகும். 412 நனோமீற்றர் ஒளியில் அந்த மஞ்சளை அளந்தால் நொதியத்தின் வேகம் கிடைக்கும். தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட தட்டில், நல்ல நொதியம் இருக்கும் குழிகளில், எலுமிச்சைச் சாறு கரைவது போல மஞ்சள் படிப்படியாக ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அன்று நான் இரண்டு வரிசைகளை அருகருகே வைத்திருந்தேன். முதல் வரிசையில் தூய டைமெதோயேற். அப்பா அடித்த போத்தலின் பெயரை வட்டையில் அவரோடு நின்றவர் ஒருவர் மறக்காமல் வைத்திருந்தார், அதிலிருந்த மருந்து அது. இரண்டாம் வரிசையில் ஒமெதோயேற். டைமெதோயேற்றிலுள்ள ஒரு கந்தக அணுவின் இடத்தில் ஓர் ஒட்சிசன் அணு இருந்தால் அது ஒமெதோயேற், வேறு வேற்றுமை ஏதுமில்லை. முதல் வரிசை மஞ்சளானது. எந்த மருந்தும் போடாத குழிகளைப் போலவே, ஒரு குறையும் இல்லாமல் மஞ்சளானது. நான் எதையோ போட மறந்துவிட்டேன் என்றெண்ணிக் குறிப்பைப் புரட்டினேன், மறக்கவில்லை. இரண்டாம் வரிசை வெள்ளையாகவே இருந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், அது நிறம் மாறவே இல்லை.

பாடநூலில் இதை நான் எப்போதோ படித்திருக்கிறேன். போத்தலில் இருக்கும் வடிவம் நேரடியாக நொதியத்தைப் பிடிப்பதில் வலுவற்றது. உடலுக்குள் போன பிறகு, ஈரல்தான் அந்தக் கந்தகத்தை எடுத்துவிட்டு ஒட்சிசனை வைக்கிறது. வேண்டாத பொருட்களை மாற்றி வெளியேற்றுவது ஈரலின் கடமை, இங்கே அந்தக் கடமையே நஞ்சை ஆக்கிவிடுகிறது. படித்திருந்தாலும், அந்த இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும் வரை எனக்கு அது உறைத்ததில்லை. வரம்பில் குந்தியிருந்த அந்த நேரமெல்லாம், மெசின் பெட்டியில் கிடந்த நேரமெல்லாம், பாதைக்குக் காத்திருந்த நேரமெல்லாம், நனைந்த சேட்டிலிருந்து தோல் உறிஞ்சிக்கொண்டே இருந்தது, அப்பாவின் ஈரல் அதை ஓயாமல் ஒமெதோயேற்றாக மாற்றிக்கொண்டே இருந்தது. நான் தட்டை அளவியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

மறுநாள் மற்றப் பாதியைச் செய்தேன். பிடிபட்ட நொதியத்தை விடுவிக்கப் பிரலிடொக்சைம் என்ற பொருள் இருக்கிறது, அது செரினில் ஒட்டியிருப்பதைப் பிடுங்கி எடுக்கும். ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு. ஒட்டிய மருந்து நேரம் போகப் போகத் தன்னிலிருந்து ஒரு பகுதியை உதிர்த்துவிட்டு இறுகிப்போகும். இதை நொதியம் மூப்படைதல் என்கிறார்கள். மூப்படைந்ததைப் பிரலிடொக்சைமால் அசைக்க முடியாது. டைமெதோயேற் சேர்ந்த வகையில் பாதி நொதியம் மூப்படைய 3.7 மணித்தியாலம் போதும். குளோர்பைரிபோஸ் போன்ற மற்ற வகையில் ஏறத்தாழ 33 மணித்தியாலம். இரண்டு போத்தல்களும் கடையில் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கும், விவசாயிக்கு இரண்டும் பூச்சி மருந்துதான். 37 பாகையில் அரை மணித்தியாலம் வைத்த குழிகளில் பிரலிடொக்சைம் போட்டதும் மஞ்சள் திரும்பி வந்தது. ஐந்து மணித்தியாலம் வைத்தவற்றில் வெளிறிய ஒரு நிறம் வந்து, அதோடு நின்றுவிட்டது. அதுதான் பிற்பகல் ஒன்றரை மணியின் நிறம் என்று குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி, பிறகு அது ஆய்வுக் குறிப்பில் இருக்கக் கூடாதென்று வெட்டினேன்.

மூன்று கோடிக் குப்பிகள்

அந்த வாரத்தில்தான் நான் முதன்முறையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நொதியத்தையே மருந்தாக ஏற்றினால் என்ன? இரத்தத்தில் அது நஞ்சைப் பிடித்துக்கொள்ளும், நரம்பு தப்பிக்கும். ஆனால் ஒரு நொதிய மூலக்கூறு ஒரேயொரு நஞ்சு மூலக்கூறைத்தான் பிடிக்கும், பிடித்ததும் அதன் வேலை முடிந்தது. நொதியத்தின் நிறையோ நஞ்சின் நிறையைப் போல ஏறத்தாழ முந்நூறு மடங்கு. ஒரு கிராம் ஒமெதோயேற்றைக் கட்டிப்போட முந்நூறு கிராம் நொதியம் வேண்டும். எங்கள் குப்பியின் அளவில் அது மூன்று கோடிக் குப்பிகள், இலங்கையில் ஆளுக்கொன்று கொடுத்தும் மிஞ்சும். ஒரு குப்பிக்குள் இருப்பது தொண்ணூறு இலட்சம் கோடி மூலக்கூறுகள் என்பது பெருந்தொகையாகத் தோன்றும், ஆனால் அத்தனையும் சேர்ந்து பிடிக்கக்கூடிய நஞ்சு ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இதன் உறவான இன்னொரு நொதியத்தை, இரத்தத் தெளியத்தில் இருக்கும் பியூற்றிரைல்கோலினெஸ்டரேசை, மரபணு மாற்றிய ஆடுகளின் பாலில் ஆக்கிக்கூடப் பார்த்திருக்கிறார்கள். அது மிகச் சிறு அளவிலேயே கொல்லும் போர்க்கள நச்சை மனத்தில் வைத்துச் செய்த முயற்சி, வயலில் தாங்கி கசிந்த மனிதரை மனத்தில் வைத்துச் செய்ததன்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது என் குழிகள் காட்டிய தெளிவுக்கு எதிரானது. இலங்கை ஆஸ்பத்திரிகளில் நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஓர் ஆய்வில், பிரலிடொக்சைம் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டார்கள். மூப்படையத் தாமதிக்கும் வகை மருந்தால் பாதிக்கப்பட்டவர்களின் செங்குருதிக் கலங்களில் நொதியம் தெளிவாக மீண்டும் விழித்தது. ஆனால் அதனால் உயிர்கள் கூடுதலாகக் காப்பாற்றப்பட்டதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. குழியில் மஞ்சள் திரும்புவதும் மனிதர் எழுந்து உட்காருவதும் ஒன்றல்ல. இரத்தத்தில் விழிப்பது ஒன்று, மூளையிலும் மூச்சுத் தசையிலும் நடப்பது வேறொன்று, வயிற்றிலும் கொழுப்பிலும் மிச்சமிருக்கும் நஞ்சு மறுபடி மறுபடி வந்து பிடிப்பது இன்னொன்று. அதைப் படித்த இரவில் சிட்டையின் கடைசி வரியின் மேலிருந்த கோபம் என்னிடமிருந்து போய்விட்டது. அந்த வரி எதையும் மறுக்கவில்லை, தான் எதுவரை போகலாம் என்பதை நேர்மையாகச் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் அந்தப் பத்து மைக்கிரோகிராம் எதற்கு? புதிய மருந்தொன்று வயலுக்கு வருவதற்கு முன்பே அது மனிதரின் செரினை எவ்வளவு இறுகப் பிடிக்கும் என்று ஒரு மனிதரையும் தொடாமல் அளப்பதற்கு. நுளம்பின் நொதியத்தில் கிணற்றின் வாயருகே மனிதரிடம் இல்லாத ஒரு சிஸ்ரீன் அமினோவமிலம் இருக்கிறது. அதை மட்டும் பிடிக்கும் பொருளைச் செய்ய முடியுமா என்று தேடும்போது இரு நொதியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு. நினைவிழப்பு நோய்க்குக் கொடுக்கும் டொனெபெசிலும் தசைத் தளர்ச்சி நோய்க்குக் கொடுக்கும் பிரிடொஸ்திக்மினும் இதே நொதியத்தை மென்மையாகத் தடுப்பவைதான், அவ்வகை மருந்துகளைச் சீர்செய்வதற்கு. அப்புறம், எனக்கு மிக முக்கியமாகப் பட்டது, ஒரு விவசாயியின் இரத்தத்தை அளக்கும் நாளில் நம் அளவுகோல் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

கொப்பியில் ஒரு வரி

சென்ற ஆவணியில் ஊருக்குப் போயிருந்தேன். சிறுபோகம் வெட்டி முடிந்திருந்தது. தம்பி கொட்டிலின் முன்னால் இருந்து தாங்கியின் மூடிக்கு புது இறப்பர் வளையம் போட்டுக்கொண்டிருந்தான், அப்பா அதை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 1984 இல் பரத்தியனும், 1995 இல் மொனோகுரோட்டபொசும் மெதமிடோபொசும், 2008 க்கும் 2011 க்கும் இடையில் டைமெதோயேற்றும் பெந்தியோனும் என இவ்வகைப் பூச்சி மருந்துகள் இந்த நாட்டிலிருந்து படிப்படியாக அகற்றப்பட்டன. அந்த முடிவுகள் எண்ணற்ற வீடுகளில் ஒப்பாரி எழாமல் தடுத்தன என்று நான் உறுதியாக நம்புகிறேன். இருந்தாலும் தம்பியின் கொட்டிலில் இருந்த போத்தல்களில் ஒன்று அதே குடும்பத்தைச் சேர்ந்ததாகத்தான் இருந்தது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று அப்பா இதற்கு முன்னும் கேட்டிருக்கிறார், நானும் பொதுவாகச் சொல்லி முடித்திருக்கிறேன். இம்முறை செங்குருதிக் கலத்திலிருந்து தொடங்கினேன். அதன் மேலேயும் இதே நொதியம் ஒட்டியிருக்கிறது, அதனால்தான் ஒரு துளி இரத்தத்தில் அளக்க முடிகிறது. இரத்தத்தின் சிவப்பு மஞ்சளை மறைத்துவிடும் என்பதால் 436 நனோமீற்றரில் அளப்போம் என்றெல்லாம் சொன்னேன். அந்தக் கலத்துக்குக் கரு இல்லை, புதிய நொதியத்தை அதனால் செய்துகொள்ள முடியாது. கெட்டுப்போன நொதியத்தோடேயே தன் ஆயுளை முடித்துக்கொண்டு போகும், அதன் இடத்துக்குப் புதுக் கலம் வந்தால்தான் உண்டு. ஆகவே நாளொன்றுக்கு நூற்றில் ஒரு பங்களவே மீளும்.

“அப்ப ரெத்தத்துக்கும் வயசு இருக்கா மகள்?” என்று கேட்டார் அப்பா.

“இருக்கப்பா. நூற்றிருபது நாள்.”

“நாலு மாத நெல்லு” என்றார் உடனேயே.

சற்று நேரம் எதுவும் பேசாமல் இருந்தார். பிறகு, ஆஸ்பத்திரியால் வந்து மூன்றாம் கிழமை தான் மறுபடி மருந்தடிக்கப் போனதை நினைவுபடுத்தினார். கடன் பட்டு விதைத்த வெள்ளாமை, பூச்சி விட்டபாடில்லை, கூலிக்கு ஆள் பிடிக்கக் காசில்லை. உடம்பு தெம்பாகத்தான் இருந்தது என்றார். அது உண்மை. நொதியம் பாதியாகக் குறைந்திருந்தாலும் மனிதர் நடமாடுவார், மண்வெட்டி பிடிப்பார், தனக்கு ஒன்றுமில்லை என்று நினைப்பார். ஆனால் அடுத்த தடவை மிகச் சிறிய அளவு பட்டாலே விழுந்துவிடும் விளிம்பில் நிற்பார். அது வெளியே தெரியாது, அளந்தால் மட்டுமே தெரியும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1974 முதல் இதற்கொரு விதி இருக்கிறது. இத்தகைய மருந்துகளைத் தொடர்ந்து கையாளும் தொழிலாளரின் இரத்தத்தை, வேலை தொடங்குவதற்கு முன்பே அளந்து வைக்க வேண்டும். பிறகு அளக்கும்போது செங்குருதிக் கலத்து நொதியம் அந்த முதல் அளவில் நூற்றுக்கு எழுபதாகக் குறைந்தால், அவரை மருந்துக்குக் கிட்ட விடக்கூடாது. ஆளுக்கு ஆள் இயல்பான அளவே வேறுபடும் என்பதால், ஒவ்வொருவருக்கும் தன் முதல் அளவு தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அந்த விதியின் உயிர். படுவான்கரையிலிருந்து அம்பாறையின் கரைவாகு வட்டைகள் வரை எனக்குத் தெரிந்த எந்த விவசாயிக்கும் தன் முதல் அளவு தெரியாது. மண்ணைப் பரிசோதிக்கிறோம், வித்துநெல்லின் முளைதிறனைப் பார்க்கிறோம், முதுகில் தாங்கி சுமப்பவரை எதுவும் பார்க்காமலேயே வயலுக்கு அனுப்புகிறோம். விதைப்புக்கு முன்னால் வட்டைக் கூட்டம் கூடி, தண்ணீர் திறக்கும் நாளையும் விதைக்கும் நாளையும் தீர்மானிக்கிறதல்லவா, அதே கூட்டத்தில் மருந்தடிப்பவர்களின் இரத்தம் எடுக்கும் நாளையும் தீர்மானிக்க வேண்டும் என்பது என் ஆசை. அளப்பதற்கு வேண்டியது எல்மனின் மஞ்சளும், முறையான மருத்துவ ஆய்வுகூடமும், ஒப்பிட்டுப் பார்க்கச் சிறிதளவு நல்ல நொதியமும்தான். நொதியம் யாருடைய உடம்புக்குள்ளும் போகப் போவதில்லை.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா வேறொரு கணக்கில் இருந்திருக்கிறார்.

“ஆனியில விழுந்தநான். ஆவணியில வெட்டினது. அப்ப அந்த வெள்ளாமையை வெட்டினது பழுதாப்போன ரெத்தத்தோடயா?”

“பாதிக்குக் கிட்ட பழசுதானப்பா.”

அவர் எழுந்து உள்ளே போய், வளையில் செருகி வைத்திருந்த கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு போகத்துக்கும் விதைத்த திகதி, நெல்லின் இனம், பசளை போட்ட நாள், வெட்டிய நாள், மூடைக் கணக்கு என்று இருபது வருடத்துக்கு மேலாக எழுதி வரும் கொப்பி அது. வரப்போகும் பெரும்போகத்துக்கென்று புதிய பக்கத்தைத் திருப்பி, மேலே தம்பியின் பெயரை எழுதினார்.

“இவன்ட அளவை எந்த இடத்தில எழுதுற, மகள்? விதைச்ச திகதிக்கு மேலயா, கீழயா?”

மேலே என்றேன். அவர் ஒரு வரி இடம் விட்டு, அதற்குக் கீழே ஐப்பசி என்று எழுதினார்.